இடிக்கும் முன் பதிவேடுகளை எடுத்து வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழுதடைந்த கிராமப் பள்ளிக் கட்டடங்களை இடிப்பது பற்றித் தங்கள் இதழில் வந்த செய்தியைப் படித்தேன். ஓடு எப்போது பிள்ளைகள் தலையில் விழுமோ என்று பயந்துகொண்டு பாடம் நடத்தக் கூடாது, தாராளமாக இடிக்கட்டும். ஆனால், அதற்கு முன் பழைய பதிவேடுகளோடு உள்ளே கிடக்கும் தகரப் பெட்டியை யாராவது திறந்து பார்க்கிறார்களா?

நம் ஓர் அறைப் பள்ளிகளின் வேர் திண்ணைப் பள்ளிகளில் இருக்கிறது. ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் உத்தரவிட்டு எடுத்த கணக்குப்படி சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்துத்தான் பாதிரியார் ஆண்ட்ரூ பெல் அதை எழும்பூர் அநாதை இல்லத்தில் புகுத்தினார். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதும் சேர்ந்து அது ‘மெட்ராஸ் முறை’ என்று இங்கிலாந்து வரை போனது. பெருமைதான். ஆனால் அந்தத் திண்ணையில் தலித் பிள்ளைகள் ஏற முடியாது, பெண் பிள்ளைகளைப் பார்ப்பதே அபூர்வம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பிறகு யார் யார் உள்ளே வந்தார்கள்? அதைச் சொல்வது ஒவ்வோர் ஊரின் சேர்க்கைப் பதிவேடுதான். ஓராசிரியர் பள்ளியில் வேலை பார்த்தபோது பழைய பதிவேடுகளை நிறையப் புரட்டியிருக்கிறேன். பக்கம் பக்கமாகப் பிறந்த தேதி மே, ஜூன் என்றே இருக்கும். பெற்றோருக்குத் தேதி தெரியாது. கையைத் தலைக்கு மேலாக வளைத்துக் காதைத் தொட்டுவிட்டால் போதும், வாத்தியாரே ஐந்து வயது நிரம்புகிற மாதிரி ஒரு தேதியைப் போட்டுச் சேர்த்துக்கொள்வார். ‘நீங்கிய காரணம்’ என்ற கட்டத்தில் ‘ஆடு மேய்க்க’, ‘தம்பியைப் பார்த்துக்கொள்ள’ என்று மை மங்கிக் கிடக்கும். இரண்டாவது காரணம் அநேகமாகப் பெண் பிள்ளைகளின் பெயருக்கு நேராகத்தான். ஓர் ஊர் எழுத்தறிந்த வரலாறு இதைவிட நேரடியாக வேறெங்கும் இல்லை.

ஓர் அறையும் ஓர் ஆசிரியரும் போதும் என்று நான் வாதாடவில்லை. தொடக்கப் பள்ளிகளுக்கு அடிப்படை வசதி தர மத்திய அரசு 1987இல் தொடங்கிய கரும்பலகைத் திட்டமே இரண்டு அறை, இரண்டு ஆசிரியர் வேண்டும் என்றது. 2009 கல்வி உரிமைச் சட்டமும் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்கிறது. ஐந்து வகுப்பையும் ஒருவரே பார்த்தால், அவருக்குக் காய்ச்சல் வந்தால் பள்ளிக்கே காய்ச்சல்.

நான் கேட்பது சின்ன வேலை. பள்ளியை இடிக்கும்போதோ இணைக்கும்போதோ வட்டாரக் கல்வி அலுவலர் முன்னிலையில் சேர்க்கைப் பதிவேடு, வருகைப் பதிவேடு, பார்வையாளர் குறிப்பேடு மூன்றையும் பட்டியலிட வேண்டும். பக்கங்களைப் படமெடுத்து ஒரு பிரதியை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கு அனுப்ப வேண்டும். சாதி விவரம் இருப்பதால் அண்மைக்காலப் பக்கங்களைப் பொதுப் பார்வைக்கு வைக்க வேண்டாம். பழையவற்றை ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடலாம். இந்தக் கோடை விடுமுறைக்குள் இடிக்கவிருக்கும் பள்ளிகளிலிருந்தே கல்வித் துறை இதைத் தொடங்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொடக்கப் பள்ளி ஆசிரியர்,
சிவகங்கை மாவட்டம்.