ஏரி வரைபடம் கிராம சபைக்கு வரட்டும்

ஐயா,

தருமபுரி மாவட்ட ஏரிகளை ட்ரோன் மூலம் அளப்பது குறித்த செய்தியைத் தங்கள் நாளிதழில் கண்டேன். அளப்பது சரி, படங்கள் அலுவலகக் கணினியிலேயே உறங்கினால் யாருக்குப் பயன்? எங்கள் ஊர் இளைஞர்கள் சிலர் ட்ரோன் படங்களை ஓப்பன்ட்ரோன்மேப் என்ற கட்டணமில்லா மென்பொருளில் இணைத்து, ஏரியின் மேடுபள்ள வரைபடம் தயாரித்தனர். வரத்துக் கால்வாயின் தரையைவிடச் அதன் மேலுள்ள சிறுபாலத்தில் தண்ணீர் நுழையும் அடித்தரை ஒரு முழம் உயர்ந்திருப்பது அதில்தான் தெரிந்தது. மழை பெய்தும் ஏரி நிரம்பாத மர்மம் அவ்வளவுதான்!

தண்ணீர் நின்றாலோ, சீமைக் கருவேலம் மண்டினாலோ கேமராவுக்குத் தரை புலப்படாது. எனவே முள்ளை அகற்றி, ஏரி வறண்டிருக்கும் ஏப்ரலில் அளந்து, வரைபடத்தைப் பெரிதாக அச்சிட்டு மே 1 கிராம சபையில் மக்கள் பார்வைக்கு வைக்க மாவட்ட நிர்வாகம் ஆவன செய்ய வேண்டும்.

– வாசகர், பாலக்கோடு