எங்கள் மாணவியின் படத்தை எடுத்துவிடுங்கள்: பல்கலைக்கழகத் தகவல் தொடர்பு அலுவலகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இயக்குநர் அவர்களுக்கும் அலுவலக நண்பர்களுக்கும்,

வணக்கம்.

வடசென்னை கல்மண்டபம் பேருந்து நிறுத்தத்தில் எங்கள் மாணவியின் படத்துடன் நிற்கும் அட்மிஷன் விளம்பர ஃபிளெக்ஸைப் பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வடிவமைத்தது நீங்கள், ஒப்புதல் தந்ததும் நீங்கள். எங்கள் துறையிலிருந்து போன மின்னஞ்சல்களும் உங்களிடம் இருக்கின்றன. "குறித்துக்கொண்டோம்" என்று பதில் வந்தது. அதற்கு அப்புறம் ஒன்றும் நடக்கவில்லை. அட்மிஷன் முடியும்வரை அது அங்கேயேதான் நிற்கும் என்று தெரிந்த பிறகுதான் இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "குடிசையிலிருந்து ஆய்வகத்துக்கு" என்ற அந்த ஃபிளெக்ஸையும், அதே தலைப்பில் ஓடும் வீடியோவையும் எடுத்துவிடுங்கள். இனிமேல் எந்த மாணவரின் படத்தையும் கதையையும் போடும் முன் அவரிடம் காட்டுங்கள், கேளுங்கள். அவர் சரி என்றால் மட்டும் போடுங்கள்.

அந்த மாணவி என் வகுப்பில் புள்ளியியல் முதுகலை படிக்கிறார். புள்ளியியலுக்குக் குடுவை வைத்த ஆய்வகம் கிடையாது. படத்தில் அவர் போட்டிருக்கும் வெள்ளைக் கோட்டு வேதியியல் துறையில் இரவல் வாங்கியது. தோளில் தொங்குகிறது, கை மணிக்கட்டைத் தாண்டி இறங்குகிறது. அவர் கையில் வாழ்நாளில் முதல்முறையாக ஒரு குடுவையைக் கொடுத்து நிற்க வைத்திருக்கிறீர்கள். குடிசையும் கிடையாது. அவர்கள் இருப்பது காசிமேட்டில், குடிசை மாற்று வாரியம் கட்டிய போர்டு வீட்டில், மூன்றாவது மாடி. 1970இல் தொடங்கிய அந்த வாரியமே 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயரை மாற்றிக்கொண்டது. உங்கள் புகைப்படக்காரர் மாடிக்கே போகவில்லை. கீழே தண்ணீர் லாரிக்காகக் குடங்கள் வரிசையில் இருந்த இடத்தில் அவரை நிற்கச் சொல்லி எடுத்திருக்கிறார். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தலைப்புப் போட்டாயிற்று.

இதையாவது பிழை என்று விட்டுவிடலாம். வீடியோவை விட முடியாது.

வீட்டு நிலவரம் பற்றி உங்கள் அலுவலகத்திலிருந்து வந்தவர் கேட்டிருக்கிறார். நன்றாகப் பேசுகிற பிள்ளை, அக்கறையாகத்தான் கேட்டிருக்கிறார். மாணவியும் மனசில் இருந்ததைச் சொல்லியிருக்கிறார். அப்பா ஒரு காலத்தில் குடித்ததையும், அம்மா கடன் வாங்கிப் பள்ளிக்கூடத்துக்குக் கட்டியதையும் சொல்லியிருக்கிறார். அந்தப் பகுதிதான் வீடியோவின் தொடக்கம். சோக இசை போட்டு, எழுத்தாகவும் கீழே ஓட விட்டிருக்கிறீர்கள். அப்பா குடியை விட்டுப் பல வருடம் ஆகிறது என்று அவர் அடுத்த வரியில் சொன்னது வீடியோவில் இல்லை. வெட்டிவிட்டார்கள்.

அந்த அப்பா துறைமுகத்தில் சுமை தூக்குகிறவர். வேலை முடிந்து தினமும் ஒரு டீக்கடையில் உட்காருவார். அங்கே யாரோ போனில் அந்த வீடியோவைப் போட்டிருக்கிறார்கள். இப்போது அவர் அந்தக் கடைப் பக்கம் போவதில்லை. அம்மா மீன் விற்கிறவர். ஏலத்தில் கூட நிற்கும் பெண்கள் "பொண்ணு வீட்டு விஷயத்தையெல்லாம் வெளியில சொல்லிடுச்சே" என்று அவரிடமே கேட்டிருக்கிறார்கள். மாணவி கொஞ்ச நாள் வகுப்புக்கு வரவில்லை. வந்ததும் என்னிடம் சொன்னது: "மேடம், நான்தானே சொன்னேன். தப்பு என்னோடதுதானே."

இல்லை, அவருடைய தப்பு இல்லை. இதை அவருக்குச் சொல்ல வேண்டிய இடத்தில் உங்கள் அலுவலகம் இருக்கிறது.

நீங்கள் வாய்மொழியாகத் தந்த விளக்கமும் எனக்குத் தெரியும். சேர்க்கைப் படிவத்தில் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது, படங்களைப் பயன்படுத்திக்கொள்ளச் சம்மதம் என்று. அதில் அவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். சரி. சீட்டு கிடைக்குமா கிடைக்காதா என்று நிற்கும் பிள்ளை எந்த வரியில்தான் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லும்? 2023இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் என்றால் நிர்ப்பந்தம் இல்லாமல், குறிப்பிட்ட நோக்கத்துக்காக, விவரம் தெரிந்து தருவது என்கிறது. கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறும் உரிமையையும் தருகிறது. நான் வழக்குப் போடுகிற ஆள் இல்லை. ஒரு பிள்ளை "வேண்டாம், எடுத்துவிடுங்கள்" என்று எழுதிக் கொடுத்த பிறகும் படிவத்தைக் காட்டுவது எந்த ஊர் நியாயம் என்றுதான் கேட்கிறேன்.

உங்கள் பிராண்டிங் கையேட்டை நான் முழுதாகப் படித்திருக்கிறேன். லோகோவைச் சுற்றி எவ்வளவு இடம் விட வேண்டும், எந்த நிறத்தின் மேல் வைக்கக் கூடாது, எந்த அளவுக்குக் கீழே சுருக்கக் கூடாது என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. துறைகள் போஸ்டர் அடிக்க வேண்டுமென்றால் பத்து வேலை நாளுக்கு முன் படிவம் தர வேண்டும். லோகோ ஓரமாகப் போய்விட்டது என்று எங்கள் போஸ்டர் திரும்பி வந்ததும் உண்டு. அதெல்லாம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, ஒழுங்கு இருக்கத்தான் வேண்டும். ஆனால் அத்தனை பக்கத்தில் மனிதர்களின் படத்தை எப்படிக் கையாள வேண்டும் என்று அரைப் பக்கம்கூட இல்லை. அந்த அரைப் பக்கத்தை எழுதுங்கள்.

அவர் என்ன ஆய்வு செய்தார் என்று உங்கள் ஃபிளெக்ஸில் ஒரு வார்த்தை இருக்கிறதா? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அதற்கு முன்னும் பின்னும் காசிமேட்டு ஏலத்தில் எந்த மீன் விலை எப்படி ஏறுகிறது, தடை முடிந்தும் எது இறங்க மறுக்கிறது என்று அவர் கணக்கெடுத்தார். விடிவதற்கு முன் நோட்டுடன் ஏலக் கூடைகளுக்கு நடுவே நின்று வஞ்சிரத்துக்கு, சங்கராவுக்கு, நெத்திலிக்கு என்று தனித்தனியாகக் குறித்தார். ஒரே கூடையின் விலை அரை மணி நேரத்தில் எப்படி மாறுகிறது என்பதற்கு நேரம் போட்டுப் பதிவு வைத்திருக்கிறார். வெளி ஆள் போய்க் கேட்டால் அங்கே சரியான விலையைச் சொல்ல மாட்டார்கள். இவருக்குச் சொன்னார்கள், அம்மாவைத் தெரியும் என்பதால். காசிமேட்டுப் பெண் என்பதுதான் இந்த ஆய்வின் பலம். அந்த ஊரை நீங்கள் அவர் தப்பித்து வந்த இடமாகக் காட்டிவிட்டீர்கள்.

வடசென்னைக்காரர்களுக்கு இது பழகிப்போன கதை. வெள்ளம் வந்தால் கேமரா வரும். 2023 டிசம்பரில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்தபோது வந்தது, அதே மாதம் அமோனியா கசிந்தபோது வந்தது. அப்புறம் போய்விடும். 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் நம் ஊர்ப் பெண் காசிமா மூன்று தங்கம் வென்றார். பல தலைப்புகளில் 'ஆட்டோ ஓட்டுநர் மகள்' என்பதுதான் முன்னால் நின்றது. ஆட்டோ ஓட்டுவதில் குறைவு ஒன்றும் இல்லை. ஆனால் அந்தப் பெண் ஸ்ட்ரைக்கரை எப்படி அடிக்கிறார் என்று எத்தனை பேர் எழுதினார்கள்? ஊடகங்களைத் திருத்த என்னால் முடியாது. நீங்கள் எங்கள் சொந்தப் பல்கலைக்கழகத்தின் அலுவலகம். உங்களிடம்தான் கேட்க முடியும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டைப் பள்ளிப் பிள்ளைகளுக்காக நாங்கள் நடத்திய இலவசக் கணிதப் பட்டறைக்கு ஆங்கிலத்தில் மட்டும் போஸ்டர் செய்து இன்ஸ்டாகிராமில் போட்டீர்கள். அந்தப் பிள்ளைகளின் பெற்றோர் அதைப் பார்க்கவே இல்லை. கடைசியில் எங்கள் மாணவர்கள் தெருத்தெருவாகப் போய்ச் சொல்லித்தான் நாற்காலிகள் நிறைந்தன. அதே பெற்றோர் கண்ணில் தப்பாமல் படுகிற இடத்தில், தமிழில், பெரிதாக நீங்கள் வைத்தது இந்த ஒரு ஃபிளெக்ஸைத்தான்.

உங்கள் வேலையின் நெருக்கடி எனக்குப் புரியும். கல்வி நிறுவனங்களின் தேசியத் தரவரிசையில் (NIRF) நற்பெயருக்கு மட்டும் 10 சதவீத மதிப்பெண் இருக்கிறது. மேலிடத்திலிருந்து அழுத்தம் வரும், இடங்கள் நிரம்ப வேண்டும். பத்திரிகைகளிடம் நம் செய்தியைக் கொண்டுபோகவும், மழை நாளில் விடுமுறை வதந்தியை மறுக்கவும் நீங்கள் ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். நல்ல பெயர் வேண்டும் என்றால் அந்த மீன் விலை ஆய்வைச் சொல்லுங்கள். நாங்கள் படமும் தருகிறோம், பக்கத்தில் உட்கார்ந்து எழுதவும் உதவுகிறோம். அவரும் சம்மதிப்பார் என்றே நினைக்கிறேன், முதலில் அவரிடம் கேட்டால்.

ஆகவே தயவுசெய்து இந்த வாரத்துக்குள் ஃபிளெக்ஸை இறக்குங்கள். வீடியோவை எல்லாப் பக்கங்களிலிருந்தும் நீக்குங்கள். மற்றவர்கள் பகிர்ந்ததை நீக்கவும் உங்கள் பெயரில் கேட்டு எழுதுங்கள், நீங்கள் எழுதினால்தான் கேட்பார்கள். போடும் முன் காட்டுவது, கேட்பது என்ற விதியைக் கையேட்டில் சேருங்கள். மாணவர் மறுத்தால் அதற்காக அவருக்கு எந்தப் பாதிப்பும் வராது என்றும் அதில் எழுதுங்கள். எனக்குப் பதில் அனுப்ப வேண்டாம். அந்த மாணவிக்கும் அவருடைய பெற்றோருக்கும் வருத்தம் தெரிவித்து, அலுவலக முத்திரையுடன், தமிழில் ஒரு கடிதம் அனுப்புங்கள். முகவரி துறை அலுவலகத்தில் இருக்கிறது.

மரியாதையுடன்,
புள்ளியியல் துறை ஆசிரியை ஒருவர்