சீனியை வேறாக வையுங்கோ

ஆசிரியர் அவர்களுக்கு,

சலரோகம், அதாவது நீரிழிவு, பற்றி வைத்தியர் ஒருவர் எழுதிய கட்டுரையைப் போன ஞாயிறு உங்கள் பத்திரிகையில் வாசித்தேன். சீனியைக் குறையுங்கள், நடவுங்கள், நேரத்துக்குச் சாப்பிடுங்கள் என்று எழுதியிருந்தார். எல்லாம் சரி. ஆனால் யாழ்ப்பாணத்தில் ஒருவர் சீனியைக் குறைக்க நினைத்தாலும் ஊர் அவரை விடாது. அதை அவர் எழுதவில்லை, நான் எழுதுகிறேன்.

எங்கள் சனசமூக நிலையத்தின் கூரைக்கு ஓடு மாற்ற வேண்டும். அதற்குக் காசு சேர்க்க, சென்ற மாதம் ஒரு ஞாயிறு காலை நானும் நிலையப் பொருளாளரும் பற்றுச்சீட்டுப் புத்தகத்தோடு ஒழுங்கை ஒழுங்கையாகப் போனோம். பதினொரு மணிக்குள் ஏழு வீடு. ஏழு வீட்டிலும் "இருங்கோ மாஸ்டர், ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ". காசு அடுத்த மாதம் தருகிறோம் என்றவர்கள்கூடத் தேத்தண்ணியை அடுத்த மாதத்துக்குத் தள்ளவில்லை. முதல் வீட்டில் பால்மா போட்டது. இரண்டாவதில் இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்ரீ. மூன்றாவதில் ரின்பால். ரின்பாலின் இனிப்புப் போதாது என்று அந்த வீட்டு அம்மா அதற்கு மேல் சீனியும் போட்டிருந்தார். ஐந்தாவது வீட்டில் எங்கள் வேர்வையைப் பார்த்துவிட்டுச் சோடா உடைத்தார்கள். ஏழாவது வீட்டில் குடித்து முடித்தபோது கோப்பையின் அடியில் கரையாத சீனி ஒரு படையாகக் கிடந்தது. கோப்பையை விறாந்தைக் குந்தில் வைத்துவிட்டுப் பற்றுச்சீட்டை எழுதி முடிப்பதற்குள் எறும்பு வந்து விளிம்பில் ஏறிவிட்டது.

வீட்டுக்கு வந்து கணக்குப் பார்த்தேன். முப்பது வருடம் கணக்குப் படிப்பித்தவனுக்கு அது பழக்கதோஷம். சோடாவை விட்டுவிடுவோம். ஆறு தேத்தண்ணி, ஒன்றுக்கு மூன்று கரண்டி, ஆகப் பதினெட்டு. மட்டமாக அள்ளிய ஒரு தேக்கரண்டியில் ஏறக்குறைய 4 கிராம் சீனி, அப்படியானால் 72 கிராம். எங்கள் வீடுகளில் யார் மட்டமாக அள்ளுகிறார்கள்? குவித்துத்தான் அள்ளுவார்கள். சேர்த்த சீனியிலிருந்து ஒருவரின் ஒருநாள் சக்தியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வரக்கூடாது, அதிலும் பாதியாக்கினால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது. அந்தப் பாதி என்பது வளர்ந்தவர்களுக்கு ஏறக்குறைய 25 கிராம், ஆறு கரண்டி. இரண்டாவது வீட்டுப் படலையைத் தாண்டும்போதே எனக்கு அது முடிந்துவிட்டது. இடியப்பமும் சம்பலும் சாப்பிட்ட கணக்கு வேறு.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொன்னேன். நாலாவது வீட்டில், "எனக்குச் சீனி போடாமல் தாங்கோ பிள்ளை" என்று குசினிப் பக்கம் பார்த்துச் சொன்னதுதான் தாமதம்.

"ஐயோ, மாஸ்டருக்கும் வந்திட்டுதே? எப்ப தொடக்கம்? குளுசையோ, ஊசியோ?"

உள்ளே படுத்திருந்த பெரியவர் எழும்பி வந்து பாகற்காய்ச் சாறு எப்படிக் குடிக்க வேண்டும் என்று விளக்கத் தொடங்கினார். எனக்கு அந்த வருத்தம் இல்லை என்று சொல்லி முடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. கடைசியில் அந்தப் பிள்ளை, "இல்லையெண்டால் பிறகென்ன மாஸ்டர், வடிவாய்ப் போட்டிருக்கிறன், குடியுங்கோ" என்று கோப்பையை நீட்டினாள். வடிவாய்த்தான் போட்டிருந்தாள்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். வெறும் வயிற்றில் இரத்தம் சோதித்தபோது எனக்குச் சீனி ஒரு டெசிலீற்றருக்கு 118 மில்லிகிராம். அது 100க்குள் இருக்க வேண்டும். மறுபடி சோதித்தும் 126 அல்லது அதற்கு மேல் என்றால் சலரோகம் என்று எழுதி குளுசை தொடங்குவார்கள். நான் இரண்டுக்கும் நடுவில் மதவில் குந்தியிருக்கிற மாதிரி இருக்கிறேன். இந்தப் பக்கம் இறங்குவதா அந்தப் பக்கம் விழுவதா என்பதில் இந்தத் தேத்தண்ணிகளுக்கும் பங்கு உண்டு.

இதைவிட மோசம் உண்மையில் வருத்தம் உள்ளவர்களின் நிலை. சீனி இல்லாத தேத்தண்ணி கேட்டால் வருத்தக்காரர் என்று ஆகிவிட்டது அல்லவா, அதனால் அவர்கள் வாயே திறப்பதில்லை. என் உறவினர் ஒருவர் பல வருடமாகக் கிளினிக் கொப்பியோடு திரிகிறவர். மகனுக்குச் சம்பந்தம் பேசப் போன இடத்தில் முகம் சுளிக்காமல் இரண்டு கோப்பை சீனித் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தார். கேட்டதற்கு, "தகப்பனுக்குச் சலரோகம் எண்டால் பெடியனுக்கும் வரும் எண்டு யோசிப்பினம்" என்றார். கிளினிக்குக்கு முதல்நாள் மட்டும் பட்டினி கிடக்கிறவர்களும் உண்டு. இரத்தச் சீனியின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் சோதனை ஒன்று இருக்கிறது, அதில் இந்தக் கள்ளம் சரிவராது.

என் அம்மம்மா வீட்டில் விருந்தினருக்கு மூக்குப்பேணியில் சீனி போடாத தேத்தண்ணி வரும். பக்கத்தில் சிறு தட்டில் பனங்கட்டித் துண்டுகள். ஒரு கடி, ஒரு மிடறு. பெருவிரல் நகத்தளவு துண்டு ஒன்று முழுப் பேணிக்கும் காணும். தொண்ணூறுகளில் போரின்போது யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை இருந்தபோதும் சீனி அருமையாக இருந்ததால் பலர் அப்படித்தான் குடித்தோம். அந்த நாட்கள் திரும்ப வேண்டும் என்று எவரும் கேட்கமாட்டார்கள், நானும் கேட்கவில்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பனங்கட்டி சலரோகத்துக்கு நல்லது என்று வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் குட்டான் குட்டானாகக் கட்டிக்கொண்டு போகிறார்கள். பனங்கட்டியில் பெரும்பகுதி சீனியில் உள்ள அதே சுக்குரோசுதான். கரைத்துக் குடித்தால் அதுவும் ஏறும். கடித்துக் குடிப்பதில் உள்ள நன்மை, எவ்வளவு இனிப்பு என்பதைக் குடிக்கிறவரே தீர்மானிப்பது. இன்று அதைக் குசினியில் நிற்கிறவர் தீர்மானிக்கிறார்.

சோடாவை விட்டுவிடுவோம் என்றேன், விட மனமில்லை. 2016 முதல் இலங்கையில் இனிப்புப் பானப் போத்தல்களில் நிற அடையாளம் போட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி என்றால் சிவப்பு, 2 முதல் 11 வரை செம்மஞ்சள், அதற்குக் கீழே பச்சை. செம்மஞ்சள்தானே என்று பேரப்பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்கிறவர்கள் ஒருமுறை பெருக்கிப் பார்க்கட்டும். 10 கிராம் உள்ளதும் செம்மஞ்சள்தான். அது 400 மில்லிலீற்றர்ப் போத்தல் என்றால் 40 கிராம், பத்துக் கரண்டி.

நடப்பது பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. 2022இல் பெற்றோல் இல்லாதபோது ஊர் முழுக்கச் சைக்கிளில் போனது. பெற்றோல் வந்ததும் சந்தியில் பாண் வாங்கவும் மோட்டார் சைக்கிள்தான். நானும் அதில் சேர்த்திதான்.

ஆகவே என் வேண்டுகோள் சின்னது. கலியாணவீடு, செத்தவீடு, கந்தோர்க் கூட்டம், எங்கே என்றாலும் தேத்தண்ணியைச் சீனி போடாமல் ஊற்றி, சீனியை வேறாக ஒரு பேணியில் கரண்டியோடு தட்டத்தில் வையுங்கள். அப்போது யாரும் யாரையும் விசாரிக்கத் தேவையில்லை. எங்கள் வீட்டில் மனைவி இதைத் தொடங்கி மூன்று கிழமை ஆகிறது. முதலில் வந்த தம்பி நாலு கரண்டி போட்டுக் கலக்கினான். அது அவன் கணக்கு. அடுத்து வந்த அக்கா பேணியைத் தொடவே இல்லை. ஏன் என்று நாங்களும் கேட்கவில்லை.

கூரைக்கு இன்னும் காசு போதாது. வருகிற ஞாயிறு மேற்கு ஒழுங்கைப் பக்கம் வருகிறோம். தேத்தண்ணியை இப்போதே சொல்லிவிட்டேன், காசையும் எடுத்து வையுங்கோ.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
கோண்டாவில்.