வெயில் பாத்தியில் ஏன் இடைவெளி விடுகிறோம்: நம் நர்சரி வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் தொடங்கிய பேச்சு இப்போது மதுரை முழுக்கச் சுற்றுகிறது. நாங்கள் நட்டுக் கொடுத்த பாத்தியின் படத்தைப் போட்டு, "இரண்டு அடிக்கு ஒரு செடி, நடுவில் வெறும் மண்" என்று எழுதியிருக்கிறார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். செடியை மிச்சம் பிடிக்கிறோம் என்று சேர்த்து எழுதியதுதான் மனதைத் தைக்கிறது.

நாங்கள் காசு வாங்குவது செடிக்கு. பத்தடி நீளம், நான்கடி அகலமுள்ள பாத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். கரையிலிருந்து ஓரடி உள்ளே தள்ளி, இரண்டடி இடைவெளியில், ஒன்று விட்டு ஒன்று வருகிற மாதிரி இரண்டு வரிசை நட்டால் 5 செடியும் 4 செடியுமாக மொத்தம் 9. அதையே ஓரடிக்கு ஒன்றாக நெருக்கினால் 40 செடி வரும். முதல் நாளே பாத்தி நிறைந்து தெரியும், படமும் அழகாக விழும், எங்களுக்கும் 31 செடி கூடுதலாக விற்கும். அந்த வியாபாரத்தை வேண்டாம் என்று விட்டவர்களைப் பார்த்தா மிச்சம் பிடிக்கிறார்கள் என்பது?

வெயில் விழும் பாத்தியில் நாங்கள் நடுகிற மினி இட்லிப்பூ, குஃபியா, பென்டாஸ் போன்ற பூச்செடிகள் எல்லாம் உயரமாக ஓடுகிற செடிகள் அல்ல. தூரிலிருந்தே கிளைத்து, குடையைக் கவிழ்த்து வைத்தது போல உருண்டு திரண்டு வரும். பல வருடம் அதே இடத்தில் நிற்கும். பாக்கெட்டில் ஒரு சாண் இருக்கிற குஃபியா இரண்டடி அகலம் வரை விரியும். வளர்ந்த பிறகு எவ்வளவு அகலம் பிடிக்குமோ, அவ்வளவுதான் தூருக்குத் தூர் விட வேண்டிய இடம். நித்திய கல்யாணிக்கு ஓரடி முதல் ஒன்றரை அடி போதும். படரும் லாண்டானாவுக்கு மூன்றடி வேண்டும்.

நெருக்கி நட்டால் அடிக்கிளைக்கு வெயில் இறங்காது. கீழ் இலை கொட்டி, குச்சி குச்சியாக மேலே நீண்டு, உருண்டை வடிவமே போய்விடும். மாவுப்பூச்சி ஒரு செடியில் வந்தால் அடுத்ததற்கு நடந்தே போகும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காற்று புகாத பாத்தியில் நித்திய கல்யாணிதான் முதலில் சாகும். ஃபைட்டோப்தோரா என்கிற அழுகல் நோய் ஈர மண்ணிலிருந்து தெறித்து ஏறி, தண்டைக் கறுக்க வைத்துவிடும். திருமங்கலம் பக்கத்துக் கரிசல் மண் என்றால் இன்னும் கவனம் வேண்டும். தண்ணீர் நிற்காதபடி பாத்தியை அரையடி உயர்த்திக்கொள்ளுங்கள்.

சரி, அதுவரை வெறும் மண்ணைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமா? வேண்டாம். இடையில் டேபிள் ரோஸ் குச்சியை ஒடித்து ஊன்றுங்கள், அந்த வெயிலில் பரவிப் பூக்கும். பெரிய செடி விரிந்து வரும்போது பிடுங்கிவிடலாம். குச்சி எங்களிடமே இருக்கிறது, கேட்டால் சும்மா தருகிறோம். மீதி இடத்தில் காய்ந்த சருகை மூடாக்காகப் போடுங்கள், தண்டை ஒட்டி மட்டும் போடாதீர்கள். நட்டு வேர் பிடித்ததும் நுனியைக் கிள்ளுங்கள். மனசு வராதுதான், ஆனால் கிள்ளினால்தான் பக்கக் கிளை வெடித்துச் செடி உருளும். ஒரு சுற்றுப் பூத்து ஓய்ந்ததும் மூன்றில் ஒரு பங்கைக் கத்தரித்து விடலாம். ஒரு நாளில் ஆறு மணி நேரமாவது நேர் வெயில் விழ வேண்டும். அப்புறம், போர்த் தண்ணீர் உப்பாக இருக்கிற வீடுகளில் இட்லிப்பூவின் இளம் இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியலாம். அது இரும்புச்சத்துக் குறை. இடைவெளிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அந்தப் படத்துக்குக் கீழேயே, தங்கள் வீட்டில் நிறைந்து பூத்திருக்கிற பழைய பாத்திகளின் படங்களைப் போட்டு எங்களுக்காகப் பேசிய வாடிக்கையாளர்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை. அம்மா வாங்கிய கடையென்று மகளும் தேடி வருகிற அன்பு இருக்கிறதே, அதனால்தான் இவ்வளவும் எழுதத் தோன்றியது.

நடவு வேலைக்கு வந்த தம்பிகள் இருவரும் சொந்த ஊரில் விவசாயம் பார்க்கப் போய்விட்டதால், வீட்டுக்கு வந்து நட்டுத் தருவது இப்போதைக்கு இல்லை. நர்சரிகள் நிறைந்த ஆந்திர ஊரான கடியத்திலிருந்து செடி ஏற்றி வருகிற லாரி வாடகையும் தென்னை நார்க்கழிவு விலையும் ஏறியதில், ஆடி 1 முதல் பாக்கெட்டுக்கு 10 ரூபாய் கூடுகிறது.

பாத்தியின் நீளம், அகலம், எந்தப் பக்கத்து வெயில் என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு வாருங்கள். எங்கெங்கே செடி நட வேண்டும் என்று வரைந்து தருகிறோம், அதற்குக் காசு கிடையாது.

அன்புடன்,
உங்கள் நர்சரிக்காரர்