ஜான் குவின்சி ஆடம்ஸ் பாடம் குறித்துப் பெற்றோருக்கு

அன்புடைய பெற்றோர்களுக்கு, வணக்கம்.

ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் இந்தப் பருவத்தின் வரலாற்றுச் செயல்திட்டத்துக்காக, அமெரிக்காவின் ஆறாவது குடியரசுத் தலைவர் ஜான் குவின்சி ஆடம்ஸின் வாழ்க்கையைப் படித்து வருகிறார்கள். வாஷிங்டனும் லிங்கனும் இருக்க, மறுதேர்தலில் தோற்ற ஒருவரை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்று உங்களில் சிலர் கேட்டிருந்தீர்கள். அந்தத் தோல்விக்குப் பிறகு அவர் செய்த பணிக்காகவே அவரைத் தேர்ந்தெடுத்தோம்.

இரண்டாவது குடியரசுத் தலைவர் ஜான் ஆடம்ஸின் மூத்த மகனாக 1767இல் மாசசூசெட்ஸில் பிறந்த இவர், பிரெஞ்சு மொழி அறிந்திருந்ததால், 14 வயதிலேயே அமெரிக்கத் தூதர் ஒருவருக்கு உதவியாளராக ரஷ்யாவுக்குச் சென்றார். பின்னாளில் வெளியுறவுத் துறைச் செயலாளராக (நம் நாட்டு வெளியுறவு அமைச்சருக்கு நிகரான பதவி) இருந்தபோது, ஸ்பெயினிடமிருந்து புளோரிடாவைப் பெறும் 1819ஆம் ஆண்டு உடன்படிக்கையை முடித்தார்.

நால்வர் போட்டியிட்ட 1824ஆம் ஆண்டுத் தேர்தலில், குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்க மாநிலங்கள் நியமிக்கும் தேர்வாளர்களின் வாக்குகளில் ஆண்ட்ரூ ஜாக்சன் 99 வாக்குகளும் ஆடம்ஸ் 84 வாக்குகளும் பெற்றனர். எவருக்கும் பெரும்பான்மை கிட்டாததால், அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் அவை ஆடம்ஸைத் தேர்ந்தெடுத்தது. தம்மை ஆதரித்த அவைத் தலைவர் ஹென்றி கிளேயை அவர் வெளியுறவுச் செயலாளராக்கியதும் பேரம் நடந்ததென்ற குற்றச்சாட்டு எழுந்து, பதவிக்காலம் முழுவதும் அவரைத் தொடர்ந்தது. அந்த நியமனம் தவறான முடிவு என்பதே என் கருத்து; அதை மாணவர்களிடமும் மறைக்கவில்லை.

1828இல் ஜாக்சனிடம் தோற்றவர், முன்னாள் குடியரசுத் தலைவர் என்ற பெருமையோடு ஓய்ந்திருக்கவில்லை. 1831 முதல் பிரதிநிதிகள் அவையில் சாதாரண உறுப்பினராக அமர்ந்தார். அடிமை முறைக்கு எதிரான மனுக்களை விவாதிக்காமலேயே ஒதுக்கிவைக்க அந்த அவை 1836இல் விதி செய்தபோது, மனுச் செய்வது குடிமக்களின் உரிமை என்று வாதாடி, கண்டனத் தீர்மானத்தையும் எதிர்கொண்டு, 1844இல் அவ்விதி நீக்கப்படும்வரை அவர் போராடினார். இதற்கிடையே 1841இல், தம் 73ஆம் வயதில், அமிஸ்டாட் என்ற ஸ்பானியக் கப்பலில் அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்டபோது கிளர்ந்தெழுந்த ஆப்பிரிக்கர்களுக்காக உச்ச நீதிமன்றத்தில் வாதாடினார். நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. 1848 பிப்ரவரியில் அவையில் தம் இருக்கையிலேயே மயங்கிச் சரிந்து, இரண்டு நாட்களில் அதே கட்டடத்தில் உயிர்நீத்தார்.

12 வயதில் அவர் தொடங்கிய நாட்குறிப்பு 51 தொகுதிகளாக வளர்ந்தது. அதையொட்டி, நம் மாணவர்களும் ஒரு மாதம் நாட்குறிப்பு எழுதுகிறார்கள். அதற்கு மதிப்பெண் கிடையாது. நீங்களும் அதைத் திருத்தாமலும், பிள்ளைகள் தாமாகக் காட்டினாலன்றிப் படிக்காமலும் இருக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
தலைமையாசிரியர்