ஸ்டோரில் தூங்கிய கார்டு

அன்புள்ள குண்டா,

எட்டு மாதமாகப் பதில் போடாததற்குத் திட்டத்தான் போகிறாய். இதைப் படித்துவிட்டுத் திட்டு. இங்கே எல்லோரும் நலம். கண்ணாடி சார் ஓய்வு பெற்றுவிட்டார். கடைசி நாளும் அதே பச்சைச் சட்டை.

போன வாரம் நம் டர்பைனைக் கட்டுப்படுத்தும் மார்க் ஃபைவ் பேனலில், ஆர், எஸ், டி என்ற மூன்று கணினிகளில் (கோர்களில்) எஸ் கோர் படுத்துவிட்டது. டர்பைன் நிற்கவில்லை. ஆரும் டியும் ஒத்துப்போனதால் நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஓடிக்கொண்டே இருந்தது. எரிவாயு வால்வை அசைக்கும் செர்வோவில் கோருக்கு ஒன்றாக மூன்று காயில். "ஒருவன் தோளை எடுத்தாலும் மற்ற இருவர் பல்லக்கைத் தாங்குவார்கள்" என்று புதுப் பையன்களுக்குச் சொல்வாயே, அதேதான். மேலே இருப்பவர்களோ, "அதான் ஓடுதே, அப்புறம் பார்க்கலாம்" என்றார்கள். மிச்சமுள்ள இரண்டும் முரண்பட்டால் யார் பேச்சைக் கேட்பது? இதைப் புரியவைக்கவே ஒரு நாள் போயிற்று.

அனுமதி வாங்கி, எஸ் கோருக்கு மட்டும் பவரை நிறுத்தி, மணிக்கட்டில் நிலைமின்சாரத்தைத் தரையிறக்கும் பட்டையும் கட்டி (சிரிக்காதே, இப்போதெல்லாம் கட்டுகிறேன்) பவர் சப்ளை கார்டை மாற்றினேன். நல்லவேளை, பழைய கார்டிலிருந்து எடுத்து மாட்ட வேண்டிய புரோகிராம் சிப், அதாவது ஈப்ராம், இதில் கிடையாது. இருந்திருந்தால் நானும் உன்னைப் போல வெறும் சாக்கெட்டோடு மாட்டிவிட்டு விடியும்வரை பேனலைத் திட்டியிருப்பேன்.

பவர் போட்டேன். கோர் முழுதாக எழுந்துவிட்டது என்று காட்டும் ஏ7 வரவே இல்லை. பாதி ஏறும், விழும், மறுபடி முதலிலிருந்து. ரிப்பன் கேபிளைக் கழற்றி மாட்டினேன், ஃபியூஸ் பார்த்தேன், என் கைமேலேயே சந்தேகம் வந்துவிட்டது. கடைசியில் 5 வோல்ட் லைனில் அலைவடிவம் காட்டும் ஸ்கோப்பை வைத்தால் அலை அலையாக அடிக்கிறது. அந்தப் "புது" கார்டு 16 வருடமாக உறை பிரிக்காமல் ஸ்டோரில் கிடந்தது! மின்னழுத்தமே படாமல் கிடந்தால், அந்த அலையைச் சமனாக்க வேண்டிய எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டருக்குள் இருக்கும் ஆக்சைடு படலம் மெல்ல நலிந்துபோகும், உள்ளே இருக்கும் திரவமும் வற்றும். ஓடித் தேய்ந்தது ஒன்று, சும்மா கிடந்து செத்தது இன்னொன்று.

105 டிகிரி தாங்கும் கெபாசிட்டர்களை வாங்கி மாற்றினேன். சால்டரிங் பெரிய வேலையில்லை, மேலே பூசிய வார்னிஷைச் சுரண்டுவதில்தான் உயிர் போயிற்று. மறுநாள் இரவு ஏ7 வந்ததும் யாரும் இல்லாத கண்ட்ரோல் ரூமில் தனியாகக் கைதட்டினேன்.

ஆனால் அன்றிலிருந்து தூக்கம் சரியில்லை. அதே அலமாரியில் இன்னும் ஒன்பது கார்டு இருக்கிறது. பதிவேட்டில் எல்லாமே "நல்ல நிலை". அந்தக் கையெழுத்து என்னுடையதுதான். ஒவ்வொன்றையும் பெஞ்சில் வைத்து மெதுவாக மின்னழுத்தம் ஏற்றிப் பார்க்கப்போகிறேன். ஆறாவது கார்டில் மானம் போகுமோ, முதலிலேயே போகுமோ தெரியாது. புது பேனல் வாங்கக் கோப்பு நகர்கிறதாம். அது நான்கு வருடமாக நகர்கிறது.

உன் நீல நோட்டில் நல்ல கார்டுகளின் அலைவடிவங்களை வரைந்து வைத்திருந்தாயே, காபிக் கறை படிந்த பக்கங்கள். அவற்றைப் போட்டோ எடுத்து அனுப்பு. வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்.

உன்
இரவு ஷிப்ட் கூட்டாளி