சமைத்து வைப்பது உன் வேலை

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. நான் நலமாக இருக்கிறேன். நேற்று ராத்திரி நீ போனில் பேசியதிலிருந்து என் மனசு உன் வீட்டுச் சமையலறையிலேயே இருக்கிறது. வேலை முடிந்து வந்த கையோடு அடுப்பில் நின்று மூன்று வகை செய்திருக்கிறாய். பெரியவள் வாயையே திறக்கவில்லை, சின்னவன் தட்டைக் கீழே தள்ளிவிட்டான் என்று சொல்லும்போது உன் குரல் உடைந்துபோனது. எனக்கும் என்ன சொல்வதென்று தெரியாமல், "சரியாகிவிடும்டா" என்று சொல்லி வைத்துவிட்டேன். ராத்திரி முழுக்க அது உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால்தான் விடிந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

சமையலைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால், இத்தனை வருஷமாக உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உனக்கு அப்போது 4 வயது. பட்டாணி போட்டுச் சோறு கிளறியிருந்தேன். நீ ஒவ்வொரு பட்டாணியாகப் பொறுக்கித் தட்டின் விளிம்பில் வரிசையாக அடுக்கினாய். மொத்தம் 17. சாப்பிட்டு முடிக்காமல் எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு நான் பாத்திரம் கழுவப் போனேன். இருட்டி, விளக்குப் போட்ட பிறகும் நீ அப்படியே உட்கார்ந்திருந்தாய். கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு எல்லாவற்றையும் ஒரே வாயாகப் போட்டு விழுங்கினாய். ஐந்து நிமிஷத்தில் அத்தனையும் வெளியே வந்துவிட்டது. இன்றைக்கும் நீ பட்டாணியைத் தொடுவதில்லை. அதற்குக் காரணம் பட்டாணி இல்லை, நான்தான்.

அதற்கு இரண்டு வருஷம் கழித்துத்தான் குழந்தைகள் காப்பகத்துச் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்தேன். தினமும் 40 பிள்ளைகள். 22 வருஷம் அந்த அடுப்படியில் நின்றபோதுதான் பிள்ளைகள் எப்படிச் சாப்பிடுவார்கள் என்பதைக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டேன். உனக்குக் காட்டாத பொறுமையை ஊரார் பிள்ளைகளுக்குக் காட்டினேன் என்ற வருத்தம் எனக்கு உண்டு. உன் பிள்ளைகளுக்காவது அது பயன்படட்டும்.

"முன்னே நன்றாகச் சாப்பிட்டவள், இப்போது ஏன் இப்படி?" என்று கேட்டாய். அவள் வளரும் வேகம் குறைந்துவிட்டது, அவ்வளவுதான். பிறந்தபோது இருந்த எடை ஒரு வயதுக்குள் மூன்று மடங்காகிறது. 2 வயதுக்கு மேல் வருஷத்துக்குச் சுமார் 2 கிலோதான் கூடும். அந்த உடம்புக்குப் பழைய பசி எப்படி இருக்கும்? அதோடு, 2 வயதிலிருந்து 6 வயது வரை புதிதாக எதைக் கண்டாலும் ஒதுக்கும் குணம் பெரும்பாலான பிள்ளைகளிடம் உண்டு. நடக்கப் பழகிய குழந்தை கண்டதை எல்லாம் எடுத்து வாயில் போட்டுவிடாமல் இருக்க இயற்கை கொடுத்த காவல் அது என்று சொல்வார்கள். அவளுக்கு உன்மேல் ஒரு கோபமும் இல்லை, கண்ணா. உன் கைப்பக்குவத்திலும் குறை இல்லை.

காப்பகத்தில் எங்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு நடத்தினார்கள். எலின் சாட்டர் என்று ஓர் அமெரிக்க உணவியல் நிபுணர் வகுத்த முறையை அதில் சொல்லிக் கொடுத்தார்கள். என்ன சாப்பாடு, எந்த நேரத்தில், எந்த இடத்தில் என்பதைப் பெரியவர்கள் முடிவு செய்ய வேண்டும். அதில் எவ்வளவு சாப்பிடுவது, சாப்பிடுவதா வேண்டாமா என்பதைப் பிள்ளை முடிவு செய்யும். முதலில் கேட்டபோது எனக்குப் பிடிக்கவே இல்லை. பிள்ளை பட்டினி கிடக்குமே என்று நானே சண்டை போட்டேன். ஒரு மாதம் செய்து பார்த்த பிறகு வாயை மூடிக்கொண்டேன். தட்டைச் சுற்றி நின்று கெஞ்சுகிற, மிரட்டுகிற சத்தம் போனதும் பிள்ளைகளின் கை தானாகத் தட்டுக்குப் போனது.

அதனால் இனிமேல் மூன்று வகை செய்யாதே. எல்லோருக்கும் ஒரே சமையல். ஆனால் அதில் அவள் நிச்சயம் சாப்பிடும் ஒரு பொருள் கட்டாயம் இருக்கட்டும். வெறும் சோறாக இருந்தாலும் பரவாயில்லை.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு நீ முதலில் செய்து பார்க்க வேண்டியது கிண்ணச் சாப்பாடு. நான் வைத்த பேர்தான் இது. நடுவில் ஒரு பாத்திரத்தில் சூடான சோறு. சுற்றிலும் சின்னச் சின்னக் கிண்ணங்கள்: வேகவைத்து நறுக்கிய முட்டை, இல்லாவிட்டால் பிய்த்துப் போட்ட கோழிக்கறி, விரல் நீளத்துக்கு வெட்டி மெத்தென்று வேகவைத்த கேரட், வெள்ளரிக்காய், கெட்டித் தயிர், வதக்கி மசித்த தக்காளி. ஒவ்வொன்றிலும் ஒரு குட்டிக் கரண்டி. யாருக்கு எது வேண்டுமோ அவரவரே எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும். நீ அவள் தட்டில் எதையும் வைக்கக் கூடாது. முதல் நாள் சோறும் தயிரும் மட்டும் எடுப்பாள். எடுக்கட்டும். "கேரட்டையும் கொஞ்சம் பாரேன்" என்று வாய் வரை வரும். அதை அடக்கிக்கொண்டு நீ கேரட்டை எடுத்துச் சாப்பிடு. அவள் உன்னைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பாள்.

காப்பகத்தில் ஒரு சிறுமி வந்த நாளிலிருந்து வெள்ளைச் சோறு மட்டும்தான் சாப்பிட்டாள். நாங்கள் விடாமல் கேரட்டை அவள் எதிரில் வைத்துக்கொண்டே இருந்தோம். எட்டாவது தடவையோ ஒன்பதாவது தடவையோ ஒரு விரலால் அதைத் தொட்டுப் பார்த்தாள். அடுத்த வாரம் எடுத்து முகர்ந்தாள். அப்புறம் நுனி நாக்கால் ஒரு நக்கு நக்கிவிட்டுக் கிண்ணத்திலேயே திரும்ப வைத்தாள். நான் கதவோரம் நின்று மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு வந்த ஒரு மத்தியானம் ஒரு துண்டைக் கடித்து மென்று விழுங்கினாள். யாரும் கை தட்டவில்லை, நாங்கள் முன்பே அப்படிப் பேசி வைத்திருந்தோம். புதுக் காய் ஒன்று பிள்ளைக்குப் பழக 10, 15 தடவைகூட ஆகலாம். தொடுவது, முகர்வது, நக்குவது எல்லாமே அந்தக் கணக்கில் சேரும். மூன்றாவது தடவையிலேயே "இவளுக்குப் பிடிக்காது" என்று நாம்தான் முடிவு கட்டிவிடுகிறோம்.

அடுத்தது கட்லெட். இதில் நீ எங்கே கோட்டை விடுகிறாய் என்று எனக்குத் தெரியும். உருளைக்கிழங்கைத் தோல் சீவி, வெட்டி வேகவைக்கிறாய். அது தண்ணீரைக் குடித்துவிட்டு வாணலியில் உடைகிறது. அரைக் கிலோ கிழங்கைத் தோலோடு முழுசாக வேகவை. வடித்த பிறகு உரித்து, ஆவி முழுக்க அடங்கும்வரை அகலமான தட்டில் பரப்பி வை. ஒரு கப் கொண்டைக்கடலையை முதல் நாளே ஊறவைத்து, விரலால் நசுக்கினால் மாவாகும் பதத்துக்கு வேகவைத்துக்கொள். இரண்டையும் மசித்து, துருவிக் கையால் பிழிந்த கேரட்டும் கொஞ்சமாக உப்பும் சேர்த்துப் பிசை. அரை விரல் கனத்தில் தட்டி அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு எடு. எண்ணெய் காய்ந்ததும் போட்டு, ஓரம் பொன்னிறமாகும்வரை தொடாதே. அவசரப்பட்டுத் திருப்பினால்தான் அடியில் ஒட்டிக்கொள்ளும். சாப்பிடும்போது எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள். கடலையில் உள்ள இரும்புச்சத்தை உடம்பு நன்றாக எடுத்துக்கொள்ள அந்தப் புளிப்பில் இருக்கும் வைட்டமின் சி உதவும்.

காயை அரைத்துச் சாஸில் ஒளித்துவிடலாமா என்று கேட்டாய். அரைத்துப் போடு, தப்பில்லை. ஆனால் அதே காயைக் கண்ணுக்குத் தெரிகிற மாதிரியும் பக்கத்தில் வை. ஒளித்தே கொடுத்தால் அந்தக் காயை அவள் எப்போது பழகுவாள்? ஒருநாள் கண்டுபிடித்துவிட்டால் சாஸையும் சேர்த்து வெறுப்பாள்.

மீந்த சோற்றில் முட்டை அடித்து ஊற்றி, துருவிய காயோடு கிளறினால் பத்து நிமிஷத்தில் ஒரு சாப்பாடு. உனக்குத் தெரிந்ததுதான். ஒன்றை மட்டும் மறக்காதே. சோற்றை ராத்திரி முழுக்க அடுப்பு மேடையில் விடக் கூடாது. பேசிலஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்து அரிசி வெந்தாலும் சாகாது. சோறு வெளியில் கிடந்தால் அது முளைத்து நஞ்சைச் சுரக்கும். அந்த நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. பரப்பி ஆறவைத்து, ஒரு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு மறுநாளே தீர்த்துவிடு. எடுக்கும்போது ஆவி பறக்கச் சூடாக்கு.

பெரியவளுக்கு ஒரு நாளைக்கு எத்தனை டம்ளர் பால் கொடுக்கிறீர்கள் என்று நான் கேட்டதற்கு நீ கணக்குச் சொல்லவில்லை. இன்றைக்கு அளந்து பார். 500 மில்லிக்கு மேல் வேண்டாம். சாயங்காலம் வயிறு முட்டப் பால் குடித்த பிள்ளைக்கு ராத்திரி எப்படிப் பசிக்கும்? பாலே சாப்பாடாகிவிட்டால் இரும்புச்சத்தும் குறைந்துபோகும். மூன்று வேளைச் சாப்பாடு, நடுவில் இரண்டு தடவை சிறுதீனி, இடையில் தண்ணீர் மட்டும். நேரம் தெரிந்துவிட்டால் வயிறே கேட்கும். "இதைச் சாப்பிட்டால் சாக்லேட்" என்ற பேரம் மட்டும் வேண்டாம். அப்படிச் சொன்னால் காய் தண்டனை, சாக்லேட் பரிசு என்று நீயே கற்றுக்கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

சின்னவனுக்குத் திராட்சையை முழுசாகக் கொடுக்காதே, நீளவாக்கில் நாலாக வெட்டு. முழுக் கொட்டைகள் 5 வயது வரை இரண்டு பேருக்குமே வேண்டாம், தொண்டையில் அடைத்துக்கொள்ளும். கேரட் பச்சையாகக் கொடுத்தால் துருவித்தான் கொடுக்க வேண்டும். சாப்பிடும்போது உட்கார்ந்தே சாப்பிடட்டும்.

ஞாயிற்றுக்கிழமை பெரியவளை ஒரு ஸ்டூலில் ஏற்றிப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு சமைத்துப் பாரேன். முட்டையைத் தனியாக ஒரு கப்பில் உடைக்கச் சொல். ஓடு விழுந்தால் எடுத்துவிடலாம். உடைத்த பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், அவ்வளவுதான். சமையலறை அழுக்காகும். நீ துடைத்துக்கொள், உனக்கு அந்தப் பொறுமை உண்டு. தானே உருட்டிய கட்லெட்டைத் தட்டிலேயே விட்டுப்போன பிள்ளையை நான் அதிகம் பார்த்ததில்லை.

அடுத்த மாதம் நான் வரும்போது எனக்கென்று தனியாக எதுவும் செய்யாதே. கிண்ணச் சாப்பாடு வை. அதில் ஒரு கிண்ணம் பட்டாணியும் இருக்கட்டும். எல்லோரும் சேர்ந்து உட்காரலாம். நீ அதை எடுக்காவிட்டாலும் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

அன்புடன்,
அம்மா